கையிலுள்ள சக்கரமும் தரையிலுள்ள சக்கரமும்

மோட்டார் வண்டியில் ஐந்து சக்கரங்கள் உண்டு. நான்கு தரையில் உருள்வன; ஐந்தாவது ஓட்டுபவர் கையில் இருப்பது. பின்புறத்தில் மாட்டியிருக்கும் மாற்றுச் சக்கரத்தை நான் இக்கணக்கில் சேர்க்கவில்லை. கையிலுள்ள சக்கரத்தைத் திருப்பினால் தரையிலுள்ள முன்சக்கரங்கள் திரும்பும் என்பது சிறுவரும் அறிந்த செய்தி. தரையிலுள்ள சக்கரங்கள் சினங்கொண்டால் கையிலுள்ள சக்கரத்தையே திருப்பிவிடும் என்பதோ, பழைய வண்டிகளை ஓட்டிப் பார்த்தவர்க்கே தெரிந்த செய்தி. இவ்விரு சக்கரங்களுக்கும் இடையே நூறாண்டுகளுக்கு முன் மூண்ட ஒரு பூசலின் வரலாற்றை நேயர்களுக்கு இன்று சொல்ல விரும்புகிறேன்.

நான் 34 ஆண்டுகள் பள்ளியில் வரலாறு கற்பித்தவன். இயந்திரக் கலை பயின்றவன் அல்லன். பணியிலிருந்து ஓய்வு பெற்ற பின்னர், என்னிடம் பயின்ற மாணவர் ஒருவரின் பட்டறைக்கு மாலை வேளைகளில் சென்று அமரும் வழக்கம் ஏற்பட்டது. கோவைக்கு அருகே பழைய மோட்டார் வண்டிகளைப் பழுதுபார்ப்பது அவர் தொழில். ஒருநாள் அங்கே 1930-ஆம் ஆண்டில் செய்யப்பட்ட அமெரிக்க வண்டி ஒன்று வந்து சேர்ந்தது. பேரக்குழந்தைகளை அதில் ஏற்றிக்கொண்டு கோத்தகிரி மலைச்சாலையில் ஒருமுறையேனும் சென்று வரவேண்டும் என்பது அதன் உரிமையாளருடைய ஆசை. ஆனால், வண்டி 30 மைல் வேகத்தை எட்டும்போது சாலையில் ஒரு சிறு பள்ளம் குறுக்கிட்டால் போதும். முன்சக்கரங்கள் இரண்டும் இடமும் வலமுமாகத் துடிக்கத் தொடங்கிவிடும். கைச்சக்கரம் ஓட்டுபவருடைய பிடியை உதறும்; விளக்குகளும் மட்கார்டுகளும் ஆடும். வேகத்தை நன்றாகக் குறைத்தாலன்றி அத்துடிப்பு அடங்காது.

உரிமையாளர் சும்மா இருந்தவர் அல்லர். நான்கு டயர்களையும் புதிதாக வரவழைத்து மாட்டியிருந்தார். வேறொரு பட்டறையில் ஸ்டீரிங் பாக்ஸைத் திறந்து இறுக்கியும் விட்டிருந்தார்கள். துடிப்பு ஒழியவில்லை, புது டயர் போட்டபின் மிகுந்துவிட்டது என்றே அவர் முறையிட்டார். பிள்ளையார் பிடிக்கக் குரங்கான கதைதான். என் மாணவர் கருவி எதையும் கையில் எடுக்காமல் வண்டியை ஒருமுறை சுற்றி வந்தார். பிறகு என் பக்கம் திரும்பி, "ஐயா, இது இந்த ஒரு வண்டியின் நோய் இல்லை, அந்தக் காலத்தின் நோய்" என்றார். வரலாற்று ஆசிரியனுக்கு இதைவிட வேறு தூண்டுதலும் வேண்டுமோ? அன்றிரவே நூல்களைத் தேடத் தொடங்கினேன்.

நான்கு சக்கர வண்டியைத் திருப்புவது எளிய செயல் அன்று. நம் ஊர்த் தேரைப் பாருங்கள். அதன் அச்சு திரும்புவதில்லை. முட்டுக்கட்டை போடுவோர் சக்கரத்தின் அடியில் கட்டையைச் செருகிச் செருகித்தான் வீதி முனையில் அதை வழிக்குக் கொண்டுவருகின்றனர். மாட்டு வண்டிக்கு இத்தொல்லை இல்லை, சக்கரம் இரண்டே, மாடு திரும்பினால் வண்டியும் திரும்பும். ஐரோப்பியருடைய நான்கு சக்கரக் குதிரை வண்டிகளிலோ முன் அச்சு முழுவதும் நடுவிலுள்ள ஒரு முளையைச் சுற்றித் திரும்பியது. குறுகிய இடத்தில் கடுமையாகத் திருப்பினால் சக்கரம் வண்டியின் அடியில் புகுந்துவிடும். தாங்கும் இடம் குறுகி, வண்டி குடைசாயும்.

அச்சை அசையாமல் நிறுத்தி, அதன் இரு முனைகளிலும் சக்கரங்களை மட்டும் தனித்தனி முளைகளில் திருப்பினால் என்ன என்ற எண்ணம், பரிணாமக் கொள்கை கண்ட சார்லஸ் டார்வினின் பாட்டனாரான எராஸ்மஸ் டார்வினுக்கு 18-ஆம் நூற்றாண்டிலேயே தோன்றியது. அவர் மருத்துவர், நோயாளிகளைக் காண நாள்தோறும் மோசமான சாலைகளில் வண்டியிற் சென்றவர். எனினும் அவர் எண்ணம் பரவவில்லை. பின்னர் மியூனிக் நகரத்து வண்டித் தச்சரான கியோர்க் லாங்கென்ஸ்பெர்கர் இதையே செய்து காட்டினார். அவருக்காக இலண்டனில் 1818-இல் காப்புரிமை பெற்றவர் ருடால்ஃப் ஆக்கர்மன். படங்களும் நூல்களும் வெளியிட்டு வந்த வணிகர் அவர். இன்றும் உலகமெங்கும் இம்முறைக்கு ஆக்கர்மன் முறை என்றே பெயர். கண்டவர் ஒருவர், செய்தவர் ஒருவர், பெயர் கொண்டவர் மற்றொருவர்!

இம்முறையின் நுட்பம் இது. பள்ளியில் மாணவர்கள் வரிசையாக அணிவகுத்துத் திரும்புவதைக் கண்டிருப்பீர்கள். உட்புறத்துச் சிறுவன் ஏறத்தாழ நின்ற இடத்திலேயே திரும்புகிறான். வெளிப்புறத்தான் பெரிய வட்டமாக நடக்கிறான். வண்டியின் முன்சக்கரங்களுக்கும் அதுவே விதி. உட்சக்கரம் சிறிய வட்டத்தில் செல்வதால் மிகுதியாகத் திரும்பவேண்டும். வெளிச்சக்கரம் குறைவாகத் திரும்பவேண்டும். இரண்டையும் இணைக்கும் கம்பியை டை ராடு என்கிறோம். அக்கம்பியைப் பற்றும் இரு கைகளும் சற்று உள்நோக்கிச் சாய்ந்திருப்பதால்தான் இந்த வேறுபாடு தானே அமைகிறது. ஒரு விபத்தில் அக்கை சிறிது வளைந்துவிட்டாலும் திருப்பங்களில் டயர் கீச்சிடும். அதன் ரப்பர் தேயும்.

கார்ல் பென்ஸ் 1886-இல் காப்புரிமை பெற்ற முதல் மோட்டார் வண்டிக்குச் சக்கரம் மூன்றே. நான்கு சக்கரங்களைச் செம்மையாகத் திருப்பும் வழி அவருக்கு அப்போது பிடிபடவில்லை. 1893-இல்தான் முளைகளில் திரும்பும் முன்சக்கரங்களுக்கு அவர் காப்புரிமை பெற்று, நான்கு சக்கர விக்டோரியா வண்டியை வெளியிட்டார். தொடக்கக் கால வண்டிகள் பலவற்றில் கைச்சக்கரமும் இல்லை. படகின் சுக்கான் போன்ற ஒரு தடியே இருந்தது. கல்லில் மோதினால் அத்தடி ஓட்டுபவரின் விலாவில் இடிக்கும். 1894-இல் பாரிசிலிருந்து ரூவான் வரை நடந்த ஓட்டத்தில் ஆல்ஃபிரட் வஷெரோன் என்பவர் தம் பானார் வண்டியில் தடிக்குப் பதிலாக வட்டச் சக்கரத்தைப் பொருத்தி ஓட்டினார். அவ்வழக்கமே பிறகு நிலைத்தது.

அடுத்து எழுந்த கேள்வி, சாலையின் அதிர்ச்சியை எவ்வளவு தூரம் கைக்கு அனுப்புவது என்பது. சிலர் திருகுப்பல்லைக் கொண்டு, கை சக்கரத்தைத் திருப்பலாம், ஆனால் சக்கரம் கையைத் திருப்ப இயலாது என்னும்படி அமைத்தார்கள். கைக்கு அது சுகமே. ஆனால் அதிர்ச்சி போக வழியின்றி உறுப்புகளை உடைத்தது. 1908 முதல் 1927 வரை ஒன்றரைக் கோடி என்னும் எண்ணிக்கையில் வெளிவந்த ஃபோர்டு டி மாடல் வண்டியில், கைச்சக்கரத்தின் அடியிலேயே ஒரு சிறு பற்சக்கரத் தொகுதி. கை நான்கு பங்கு திரும்பினால் கீழே ஒரு பங்கு திரும்பும். விரைவான ஸ்டீரிங்தான், ஆனால் சாலையில் கிடக்கும் ஒவ்வொரு கல்லும் ஓட்டுபவரிடம் தன் பெயரைச் சொல்லிவிட்டுப் போகும்.

இனித் தரையிலுள்ள சக்கரத்திற்கு வருவோம். காற்றடைத்த டயரைக் கண்டவர் டன்லப் என்று பாடப் புத்தகங்கள் கூறின. நானும் பல ஆண்டுகள் அவ்வாறே கற்பித்தேன். உண்மையில் ஸ்காட்லாந்து நாட்டு ராபர்ட் வில்லியம் தாம்சன் 1845-இலேயே அதற்குக் காப்புரிமை பெற்றுவிட்டார். ரப்பர் பூசிய துணிக்குழலின் மேல் தோலுறை போர்த்தி, 1847-இல் இலண்டன் ரீஜெண்ட்ஸ் பூங்காவில் குதிரை வண்டியில் ஓட்டியும் காட்டினார். உலகம் வியந்தது, பிறகு மறந்தது. பெல்ஃபாஸ்டில் கால்நடை மருத்துவராக இருந்த ஜான் பாய்டு டன்லப், தம் சிறுவனின் மூன்று சக்கர மிதிவண்டி கல்பாவிய தெருவில் குலுங்குவதைக் கண்டு, 1888-இல் அதையே புதிதாகக் கண்டு காப்புரிமை பெற்றார். தாம்சனுடைய பழைய ஆவணம் வெளிவந்ததும் டன்லப்பின் உரிமை செல்லாமற் போயிற்று. ஆனால் பெயர் அவருடையதாகவே நின்றது. 1895-இல் மிஷலேன் சகோதரர்கள் பாரிசிலிருந்து பொர்தோ சென்று மீளும் நெடிய ஓட்டத்தில் காற்று டயர் மாட்டிய மோட்டார் வண்டியைத் தாமே ஓட்டினார்கள். வழியெல்லாம் பஞ்சர், பரிசில்லை. ஆயினும் மோட்டார் வண்டியைக் காற்றின்மேல் ஓட்டலாம் என்பது உறுதிப்பட்டது.

அக்காலத்து டயர்கள் கறுப்பாக இருக்கவில்லை. வெளிறிய நிறமே ரப்பருக்கு இயல்பு. புகைக்கரியைக் கலந்தால் ரப்பர் தேய்மானத்தை மிகத் தாங்கும் என்பது தெரிந்து, 1910-களில் அதைப் பெருமளவில் கலக்கத் தொடங்கிய பின்னரே டயர் கறுத்தது. உள்ளேயிருந்த துணியும் மாறியது. முதலில் குறுக்கும் நெடுக்கும் நெய்த கித்தான் துணியையே வைத்தார்கள். டயர் நசுங்கி நிமிரும் ஒவ்வொரு முறையும் ஊடும் பாவுமான இழைகள் ஒன்றையொன்று அரம்போல் அறுத்தன. ஊடின்றி, ஒரே பக்கமாகக் கிடக்கும் கயிற்றிழைகளை ரப்பரில் பதித்து அடுக்கடுக்காக வைத்தபின் டயரின் ஆயுள் பன்மடங்கு நீண்டது.

இங்கே கதையை ஒருகணம் நிறுத்தி, அந்த ரப்பர் எங்கிருந்து வந்தது என்பதையும் சொல்லவேண்டும். ஹென்றி விக்கம் 1876-இல் பிரேசில் நாட்டிலிருந்து ஏறத்தாழ 70,000 ரப்பர் விதைகளை இங்கிலாந்துக்குக் கொண்டுவந்தார். முளைத்தவற்றுள் பெரும்பாலானவை இலங்கைக்குச் சென்றன. 1877-இல் 22 செடிகள் சிங்கப்பூரை அடைந்தன. மரத்தைச் சாகடிக்காமல் பட்டையைச் சீவிப் பாலெடுக்கும் முறையைச் சிங்கப்பூர்த் தாவரப் பூங்காவின் தலைவர் ரிட்லி வகுத்தார். தோட்டங்கள் மலாயாவெங்கும் பரவின. விடியுமுன் எழுந்து, விளக்கேந்திச் சென்று, அம்மரங்களைச் சீவியவர்கள் யார்? கங்காணிகள் அழைத்துச் சென்ற நம் தமிழ்நாட்டு ஏழை மக்களே அவர்களுள் மிகப் பலர். டிட்ராய்ட்டிலும் பாரிசிலும் ஓடிய வண்டிகளின் சக்கரங்களைத் தாங்கிய ரப்பரில் பெரும்பங்கு அக்கைகள் வடித்த பாலிலிருந்து வந்தது. மோட்டார் வண்டியின் வரலாறுகள் பலவற்றில் இதைப் பற்றி ஒரு வரியும் காணோம் என்பது என் நெடுநாள் குறை.

பூசலுக்கு வருகிறேன். 1920-கள் வரை டயர்கள் ஒடுக்கமானவை. உள்ளே காற்றழுத்தம் மிகுதி. டி மாடல் வண்டிக்குச் சதுர அங்குலத்துக்கு 55, 60 பவுண்டு அளவில் காற்றடைத்தார்கள். கட்டைபோல் இறுகிய அந்த டயர், சாலையின் ஒவ்வொரு குழியையும் பயணிகளின் முதுகெலும்புக்கு அறிவித்தது. 1923-இல் அமெரிக்காவில் ஃபயர்ஸ்டோன் நிறுவனமும் பிரான்சில் மிஷலேன் நிறுவனமும் பலூன் டயர் எனப்பட்ட அகன்ற மெல்லிய டயரை வெளியிட்டன. அதற்குப் பழைய அழுத்தத்தில் பாதியளவே போதும். மெத்தைமேற் செல்வது போன்ற சுகம். இரண்டு மூன்று ஆண்டுகளுக்குள் எல்லாரும் அதையே கேட்டார்கள். அதே ஆண்டுகளில், அதுவரை பின்சக்கரங்களுக்கு மட்டுமே இருந்த பிரேக், முன்சக்கரங்களுக்கும் வந்தது. முன் அச்சின் இரு முனைகளிலும் எடை ஏறியது.

இரண்டும் நன்மைகளே. ஆனால் இரண்டும் சேர்ந்து ஒரு பேயை எழுப்பிவிட்டன. நல்ல வண்டிகளும் குறிப்பிட்ட ஒரு வேகத்தில் முன்சக்கரங்களைத் துடிக்கவிட்டு, ஓட்டுபவரைக் கலங்கடித்தன. அக்காலத்தில் அமெரிக்காவில் பரவியிருந்த, உடலைக் குலுக்கி ஆடும் ஒரு நடனத்தின் பெயரை அதற்குச் சூட்டி, ஷிம்மி என்று அழைத்தார்கள். குற்றம் யாருடையது? ஸ்டீரிங் தொய்வு என்றனர் சிலர். டயர் மெதுமை என்றனர் சிலர். உராய்வுத் தடைகளை மாட்டிக் கைச்சக்கரத்தை இறுக்கினார்கள். துடிப்பு சற்று அடங்கியது, கை வலித்தது.

விடை பம்பரத்தில் இருந்தது. சுழலும் பம்பரத்தை ஒரு பக்கம் தள்ளினால் அது தள்ளிய திசையிற் சாயாமல் குறுக்கே நகரும். சுழலும் சக்கரமும் அத்தகையதே. பழைய வண்டிகளில் இரு முன்சக்கரங்களும் ஒரே இரும்பு அச்சின் முனைகளில் இருந்தன. இடச்சக்கரம் ஒரு கல்லின்மேல் ஏறினால் அச்சு முழுவதும் வலப்புறம் சாயும். சாய்ந்த அக்கணமே சுழற்சியின் ஆற்றலால் இரு சக்கரங்களும் வலப்புறம் திரும்ப முயலும். அப்படித் திரும்பும் வேகம் மறுபடியும் அச்சைச் சாய்க்கும். சாய்வு மறுபடியும் திருப்பும். மெல்லிய டயர் விற்சுருள்போல் அமுங்கி எழுந்து இவ்வூசலாட்டத்துக்குத் தாளம் போடும். பிரேக்கின் எடை அதற்கு வலுவூட்டும். பிரான்சில் புருலியே, சான்சோ தெ லாவோ என்னும் பொறியாளர்கள் 1920-களிலேயே இதை ஆராய்ந்து எழுதினார்கள். ஆக, ஸ்டீரிங்கும் டயரும் தனித்தனியே குற்றமற்றவையாக இருந்தும், இரண்டின் சேர்க்கை குற்றமாகலாம் என்பது தெளிவாயிற்று.

இரு சக்கரங்களையும் ஒரே அச்சில் கட்டாமல் தனித்தனியே ஏறி இறங்க விடுவதே நேரிய மருந்து. இத்தாலியில் லான்சியா நிறுவனம் 1922-இல் காட்டிய லாம்ப்டா வண்டியில் அவ்வாறே செய்திருந்தது. ரோல்ஸ்-ராய்ஸ் நிறுவனத்திலிருந்து 1930-இல் அமெரிக்காவின் கேடிலாக் நிறுவனத்துக்குச் சென்ற மாரிஸ் ஆலி என்ற ஆங்கிலேயப் பொறியாளர் இதற்காக ஓயாது வாதாடினார். ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தின் 1934-ஆம் ஆண்டு வண்டிகளில் அது இடம்பெற்றது. பிறகு வந்த கார்களில் அப்பேய் பெரும்பாலும் ஒழிந்தது எனலாம். ஆனால் 1923-க்கும் 1934-க்கும் இடையே பிறந்த வண்டிகள், மெல்லிய டயரும் பழைய அச்சும் கொண்டு, அந்நோய்க்கு எளிதில் இரையாகும் உடம்போடே பிறந்தவை. பட்டறைக்கு வந்த வண்டியும் அக்காலத்துப் பிள்ளை. உறுப்பெல்லாம் செம்மையாக இருக்கும்வரை அது துடிக்காது; சிறு தளர்ச்சி வந்தால் துடிக்கும்.

மறுநாள் என் மாணவர் சோதனையைத் தொடங்கினார். மருத்துவர் நாடி பார்ப்பதுபோல் அவர் முதலிற் பார்த்தது டயர்களை. தேய்ந்த டயரைப் படிப்பது விடைத்தாளைத் திருத்துவது போன்றது. பிள்ளை எங்கே தவறினான் என்பது தாளிலேயே தெரியும். இரு ஓரங்களும் தேய்ந்து நடுவில் தேயாதிருந்தால் காற்றுக் குறைவு. நடுவில் மட்டும் தேய்ந்தால் காற்று மிகுதி. ஓர் ஓரம் மட்டும் தேய்ந்தால் சக்கரத்தின் சாய்வில் பிழை. உள்ளங்கையால் டயரின் முகத்தைக் குறுக்கே தடவும்போது ஒரு பக்கமாக வழுவழுப்பும் மறுபக்கமாக அரத்தின் கூர்மையும் தெரிந்தால், இரு முன்சக்கரங்களும் நோக்கும் திசை சரியில்லை. குழிகுழியாகத் தேய்ந்திருந்தால் எங்கோ தளர்ச்சி. புது டயர்களில் இத்தகைய எழுத்து எதுவும் இன்னும் ஏறவில்லை. ஆகவே கழற்றிப் போட்ட பழைய டயர்களைக் கொண்டுவரச் சொன்னார். முன்டயர் இரண்டிலும் குழித்தேய்மானம் இருந்தது. புது டயர் வருவதற்கு நெடுநாள் முன்பே நோய் இருந்தது என்பதற்கு அதுவே சான்று.

பிறகு ஜாக்கி வைத்து முன் அச்சை உயர்த்தினார். சக்கரத்தைச் சுழலவிட்டு, அசையாமல் பிடித்த சாக்கட்டியை டயருக்கு அருகே கொண்டுசென்றார். வட்டம் செம்மையாயின் கோடு முழுதும் விழும். கோணலாயின் மேட்டில் மட்டும் விழும். அதில் பழுதில்லை. சக்கரத்தை மெல்லச் சுழற்றிவிட்டபோது ஒவ்வொரு முறையும் ஒரே இடம் அடியில் வந்து நின்றது, அவ்விடம் கனம். புது டயர் மாட்டியவர்கள் எடை சமன் செய்யவில்லை. இது ஒரு சிறு குற்றம்.

அடுத்துச் செய்த சோதனை என் மனத்தை மிகக் கவர்ந்தது. சக்கரத்தின் உச்சியையும் அடியையும் இரு கைகளாற் பற்றி முன்னும் பின்னும் ஆட்டினார். சக்கரம் 'கடக்' என்று ஆடியது. அந்த ஆட்டம் சக்கரத்தின் பேரிங்கில் உள்ளதா, சக்கரம் எந்த முளையைச் சுற்றித் திரும்புகிறதோ அந்தக் கிங்பின்னில் உள்ளதா? உதவியாளனைப் பிரேக்கை மிதிக்கச் சொன்னார். பிரேக் பிடித்தால் சக்கரமும் அதைத் தாங்கும் உறுப்பும் ஒன்றாக இறுகிவிடும். குற்றம் பேரிங்கில் இருந்தால் ஆட்டம் மறையும். மிதித்த பின்னும் ஆடியது. ஆகவே கிங்பின்னும் அதன் புஷ்களும் தேய்ந்துபோயின என்பது உறுதி. இருபுறமும் அவ்வாறே.

"பழுதைக் கண்டுபிடித்தாயிற்று" என்று நான் எழ முயன்றேன். "இன்னும் இல்லை, ஐயா. கிங்பின் இவ்வளவு தேய்ந்தால் வண்டி முதலில் சாலையில் அலையவேண்டும். இவர் அலைகிறது என்று சொல்லவே இல்லையே!" என்றார் அவர். இதற்கு விளக்கம் வேண்டும். மிதிவண்டியைக் கையை விட்டும் நேரே ஓட்டமுடிகிறது அன்றோ? அதன் முன்கவை பின்னோக்கிச் சாய்ந்திருப்பது அதற்கு ஒரு காரணம். மோட்டார் வண்டியின் கிங்பின்னும் அவ்வாறே தலைப்புறம் சற்றுப் பின்னோக்கிச் சாய்ந்திருக்கும். இதைக் காஸ்டர் என்பர். சாய்வு குறைந்தால் வண்டி அலையும். மிகுந்தால் ஸ்டீரிங் கனக்கும், சக்கரம் தன்னை நேராக்கிக்கொள்ள முயன்று மறுபக்கம் மீறும், துடிக்கும். மெல்லிய டயர் தானாகவே நேராகும் இயல்பைச் சிறிது உடையது. அதனோடு இச்சாய்வும் மிகுந்தால் சொல்லவேண்டியதில்லை.

வண்டியின் அடியிற் படுத்து விளக்கைப் பிடித்துப் பார்த்தார். முன் ஸ்பிரிங் கட்டுக்கும் அச்சுக்கும் நடுவே, இரு பக்கமும் ஓர் இரும்பு ஆப்பு செருகப்பட்டிருந்தது. தடித்த முனை பின்பக்கம் நோக்கி இருந்தது. வண்டி செய்தவர்கள் வைத்த ஆப்பு அன்று அது. எவரோ பிற்காலத்தில் வைத்தது. கதை இப்போது விளங்கியது. பல ஆண்டுகளுக்கு முன் கிங்பின் தேய்ந்து வண்டி அலைந்திருக்கும். அதை மாற்றாமல், எவரோ ஆப்பு வைத்து அச்சைப் பின்னே சாய்த்துக் காஸ்டரை மிகுதியாக்கியிருக்கிறார், அலைச்சல் நின்றது. அதன்பின் தேய்மானம் வளர வளரத் துடிப்பு தலைகாட்டியது. அதற்கு ஸ்டீரிங் பாக்ஸை இறுக்கினார்கள். இறுதியில், சாலையை நன்கு பற்றும் புது டயர்கள் எடை சமனின்றி ஏறவே, துடிப்பு முழு உருவம் கொண்டது. ஒரு குறையை மறைக்க இன்னொரு குறை. அதை மறைக்க மற்றொன்று.

சீர்செய்ய மூன்று வாரங்கள் பிடித்தன. புதிய கிங்பின்களும் புஷ்களும் பொருத்தி, ஆப்புகளை நீக்கி, தொய்ந்திருந்த ஸ்பிரிங் பட்டைகளுக்கு மீண்டும் வளைவு கொடுத்தார். இறுக்கப்பட்டிருந்த ஸ்டீரிங் பாக்ஸைத் தளர்த்தினார். மிக இறுகிய பற்கள் திருப்பத்துக்குப் பின் சக்கரத்தை நேராகத் திரும்பி வர விடா என்பதே காரணம். முன்சக்கரங்களின் முன்முனைகளைப் பின்முனைகளைவிட 1/8 அங்குலம் நெருங்கியிருக்கச் செய்தார். ஓடும்போது இணைப்புகளில் உள்ள இளக்கத்தால் அவை விரிந்து நேராகிவிடும். சக்கரங்களுக்கு எடை சமன் செய்து, காற்றை அளந்து அடைத்தார். நானும் உடன் அமர்ந்து சென்றேன். 30 மைல், 35 மைல், பிறகு 40. வேண்டுமென்றே ஒரு பள்ளத்தில் ஏற்றினார். கைச்சக்கரம் ஒருமுறை அசைந்தது, அடங்கியது.

உரிமையாளர் மகிழ்ந்தார். மறுவாரமே மலைக்குச் செல்லலாமா என்று கேட்டார். என் மாணவர் விடை சொல்லாமல் வண்டியின் பின்புறம் சென்று, நான் தொடக்கத்தில் கணக்கிற் சேர்க்காத மாற்றுச் சக்கரத்தைத் தட்டினார். அதன் டயரில் வெட்டுகள் ஆழமாக, புதிது போலவே இருந்தன. "இதை ஒருநாளும் மாட்டியதே இல்லை" என்றார் உரிமையாளர் பெருமையுடன். 2000-ஆம் ஆண்டுக்குப் பின் செய்யப்படும் டயர்களின் பக்கச்சுவரில் வாரத்தையும் ஆண்டையும் குறிக்கும் நான்கு எண்கள் இருக்கும். 2319 என்றிருந்தால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆம் வாரம் என்று கொள்ளவேண்டும். இந்த டயரில் அத்தகைய எண் எதுவும் இல்லை. பக்கச்சுவரைக் கட்டைவிரலால் அழுத்தியபோது, வறண்ட குளத்துச் சேறுபோல் நுண்ணிய வெடிப்புகள் வாய்திறந்தன.

"ஐயா, கோத்தகிரி வளைவில் பஞ்சர் ஆனால் இதைத்தானே மாட்டுவீர்கள்? இதன்மேல்தானே குழந்தைகளை உட்காரவைத்து மலையிறங்குவீர்கள்?" என்று என் மாணவர் கேட்டார்.

உரிமையாளர் நெடுநேரம் அந்த டயரையே பார்த்துக்கொண்டிருந்தார். ஐந்தாவது டயருக்குச் சொல்லியனுப்பினார்கள். அந்த அளவில் டயர் இங்கே எளிதிற் கிடைப்பதில்லை. வந்து சேர இரண்டு மாதம் ஆயிற்று. அதுவரை வண்டி பட்டறையிலேயே நின்றது.